எழுத்துக்கும் இடம் வேண்டும்

கண் மங்கினால் மூக்குக் கண்ணாடி வாங்கிக்கொள்ளலாம். கண்ணாடி அணிந்த பிறகும் கைப்பேசிச் செயலியின் எழுத்து எறும்பு ஊர்வதுபோல் தெரிந்தால் என் செய்வது? தினசரிப் பத்திரிகையை வரி விடாமல் வாசிக்கும் நம் கொங்கு நாட்டுப் பெரியவர்கள், பாங்கிச் செய்தி வந்ததும், "இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு, கண்ணு" என்று பேரனை அழைக்கிறார்கள். தம் பணத்தின் கணக்கைத் தாமே பார்க்க இயலாமற் போவது சிறிய குறையன்று.

எழுத்தின் உருவம் தெய்வ கட்டளையன்று. மனிதர் வசதிக்காக மாற்றத்தக்கதே. ஈரோட்டிலிருந்து வெளிவந்த 'குடி அரசு' பத்திரிகையில் பெரியார் 1935-ல் சீர்திருத்த எழுத்துக்களை வழங்கலானார். துதிக்கை தூக்கி நின்ற ணை, லை முதலியவை மற்ற எழுத்துக்களைப்போல் உருப்பெற்றன. அச்சுக் கோப்போருக்கும் குழந்தைகளுக்கும் சுமை குறைந்தது. தமிழ்நாட்டு அரசாங்கம் 1978-ல் அம்மாற்றத்தை ஏற்றது.

இன்றோ ஒவ்வொருவரும் தமக்குத் தாமே அச்சுக் கோப்பவர். கைப்பேசியின் அமைப்புகளில், திரையைப் பற்றிய பகுதியில், எழுத்தின் அளவைக் கூட்டும் வசதி இருக்கிறது. 2023-ல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 14, எழுத்தை இரு மடங்கு வரை பெரிதாக்க இடந்தருகிறது. ஏற்கெனவே பெரிதாயுள்ள தலைப்புக்களை அதே விகிதத்தில் வீங்க விடாமலும் பார்த்துக்கொள்கிறது.

ஆயினும் வீட்டுக்காரர் விரும்பினால் போதுமா? கொத்தனார் சுவரை நெருக்கிக் கட்டிவிட்டால் கட்டிலை எங்கே போடுவது? சில செயலிகளில் எழுத்தைப் பெரிதாக்கியவுடன் பாதிச் சொல் மறைந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ஆறெழுத்தில் அடங்கும் 'சப்மிட்', தமிழில் 'சமர்ப்பிக்கவும்' என்று நீளுகிறது. மேலும், 'கீ' மேலே சுழிக்கும். 'கூ' கீழே இறங்கும். வரிகளுக்கிடையே போதிய வெளியில்லையேல் தலையோ காலோ வெட்டுப்படும். இரு மடங்கு பெரிதாக்கினாலும் செய்தியோ பயனோ குறையலாகாது என்பது, இணையப் பக்கங்களுக்கு 2008-லேயே வகுக்கப்பட்ட சர்வதேச நெறி.

ஆலைகளுக்கும் பம்புகளுக்கும் பேர்போன கோயம்புத்தூரில் இப்பொழுது மென்பொருள் எழுதும் இளைஞர்களும் பலர். அவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: செயலியை வெளியிடுமுன் மொழியைத் தமிழாக்கி, எழுத்தை இரு மடங்காக்கி, வீட்டிலுள்ள பாட்டியின் கையில் கொடுத்துப் பாருங்கள். அவர் ஒருவரையும் கூப்பிடாமல் படித்து முடித்தாரானால், உங்கள் வேலை தேறிற்று.