பலமுனைப் போட்டியும் பதுளையின் வாக்குகளும்

மாகாண சபைத் தேர்தல் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஊவாவின் தமிழ், முஸ்லிம் கட்சிகள் ஒரே கேள்வியை எதிர்கொள்கின்றன. தனித்து நிற்பதா, பெரிய கட்சியின் பட்டியலில் இணைவதா, போட்டியிடாது ஆதரவளிப்பதா? இக்கேள்விக்குப் பெரும்பாலும் வேட்புமனுத் தாக்கலின் இறுதி நாட்களில், அவசரத்தில் விடை தேடப்படுகிறது என்பது கவலைக்குரியது.

சூதாட்டத்தை நமது சமூகங்கள் ஏற்பதில்லை. இஸ்லாம் அதனை முற்றாகவே விலக்கியுள்ளது. எனினும் போக்கர் என்னும் சீட்டாட்டத்தின் கணக்கு ஒன்று இங்கு சிந்திக்கத்தக்கது. அதில் ஆடுபவருக்கு மூன்று வழிகளே உண்டு: பந்தயத்தை உயர்த்தலாம், ஈடு வைத்துத் தொடரலாம், சீட்டைக் கீழே வைத்து விலகலாம். இருவர் மட்டும் ஆடும்போது நடுத்தரமான சீட்டும் சற்று மிரட்டலும் வெற்றி தரக்கூடும். நால்வர், ஐவர் அமர்ந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. அவர்களுள் எவரேனும் ஒருவரிடம் நம்மிலும் வலுவான சீட்டு இருக்கும் வாய்ப்பு அதிகம். எனவே அங்கு வெற்று மிரட்டல் பலிப்பதில்லை. உயர்த்துவதற்கு உண்மையான பலம் வேண்டும்.

பதுளையின் அரசியல் நெடுங்காலமாகவே இத்தகைய பலமுனை ஆட்டம்தான். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் சனத்தொகை 8 இலட்சத்துக்குச் சற்று அதிகம். அதில் தமிழர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர். முஸ்லிம்கள் சுமார் 5 சதவீதத்தினர். தீர்மானிக்கும் சக்தியாக விளங்க இது போதுமானது. சிதறிப்போனால் எதற்கும் போதாதது.

2009ஆம் ஆண்டு மாகாண சபைத் தேர்தலில் தனித்து நின்ற மலையக மக்கள் முன்னணி, சுமார் 9,000 வாக்குகளுடன் ஓர் ஆசனத்தைப் பெற்றது. விகிதாசாரப் பங்கீட்டின் எச்ச வாக்குக் கணக்கு அதற்குக் கைகொடுத்தது. ஆனால் 2014 செப்டெம்பரில் பதுளைக்குரிய ஆசனங்கள் 21இலிருந்து 18ஆகக் குறைந்திருந்தன. பிரதான இரு கட்சிகளும் கடும் போட்டியில் இறங்கியிருந்தன. அளுத்கம வன்செயல்கள் நிகழ்ந்து சில மாதங்களே ஆகியிருந்த அந்தச் சூழலில், ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸும் ரிஷாட் பதியுதீன் தலைமையிலான கட்சியும் ஒரே சின்னத்தின் கீழ் தனித்துக் களமிறங்கின. இரு கட்சிகளும் கைகோத்தமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் கிடைத்தவை சுமார் 5,000 வாக்குகள். ஆசனம் எதுவும் இல்லை. அவ்வாக்குகள் வேறு பட்டியலிலிருந்த எந்தவொரு முஸ்லிம் வேட்பாளருக்கும் விருப்பு வாக்காகவும் பயன்படவில்லை. 2009இல் சரியாக இருந்த முடிவு, மேசையில் ஆட்டக்காரரின் பலம் மாறியபோது 2014இல் தவறாகிப்போனது.

பெரிய பட்டியலில் இணைவதும் தானாகவே பலன் தருவதில்லை. 2010 பொதுத் தேர்தலில் பதுளையிலிருந்து ஒரு தமிழர்கூடப் பாராளுமன்றம் செல்லவில்லை. தமிழ் விருப்பு வாக்குகள் பல வேட்பாளரிடையே சிதறியமை அதற்கு முக்கிய காரணம் என்று பரவலாகக் கருதப்படுகிறது. 2015இல் ஐக்கிய தேசியக் கட்சியின் பட்டியலில் வடிவேல் சுரேஷும் அரவிந்தகுமாரும் தெரிவாகினர். அதே ஆண்டு ஜனவரியில் நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலில், இம்மாவட்டத்தில் முதல் இருவருக்கும் இடையிலான வித்தியாசம் 281 வாக்குகள் மட்டுமே. ஒரு தோட்டப் பிரிவின் வாக்குகளே அதனை மாற்றியமைக்கப் போதுமானவை. 2024இல் தேசிய மக்கள் சக்தியின் பட்டியலில் அம்பிகா சாமுவேலும் கிட்ணன் செல்வராஜும் தெரிவாகி, பழைய கணக்குகள் அனைத்தையும் கலைத்துவிட்டனர்.

சீட்டாட்டத்திற்கும் தேர்தலுக்கும் முக்கியமான வேறுபாடொன்று உண்டு. ஆடுபவர் தமது பணத்தை வைத்து ஆடுகிறார். தலைவர்களோ மக்களின் வாக்கைப் பந்தயமாக வைக்கின்றனர். தோற்றால் இழப்பு தலைவருக்கன்று. லயன் அறைக்கு மாற்றாகக் காணியும் வீடும் கேட்டு நிற்கும் குடும்பத்துக்கும், தமிழ்மொழிப் பாடசாலைக்கு ஆசிரியரை எதிர்பார்க்கும் பசறை, வெலிமடைப் பெற்றோருக்குமே அந்த இழப்பு. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையை மண்சரிவு மூடியது, ஊவா தேர்தல் முடிந்து ஆறு வாரங்களுக்குள் என்பதை மறந்துவிடலாகாது.

எனவே கட்சிகள் மூன்று விடயங்களை முன்கூட்டியே ஆராய வேண்டும். முதலாவது, தனித்து நிற்பதாயின் கடந்த தேர்தலின் உணர்ச்சியை விடுத்து, இம்முறை எச்ச வாக்குக் கணக்கில் ஆசனம் கிட்டுமா என்பதைப் பார்க்க வேண்டும். பொதுத் தேர்தலில் மாவட்டத்தில் 5 சதவீதத்துக்குக் குறைந்த வாக்குப் பெறும் பட்டியல் பங்கீட்டிலிருந்தே நீங்கிவிடும். இரண்டாவது, இணைவதாயின் எத்தனை வேட்பாளர் என்பதை வரையறுக்க வேண்டும். ஒரு வாக்காளருக்கு மூன்று விருப்பு வாக்குகள் உண்டு. தோட்டத்துத் தமிழரும் நகரத்து முஸ்லிமும் அவற்றைப் பரஸ்பரம் பகிர்ந்துகொள்ள உடன்பட்டால், இரு சமூகங்களுக்கும் நன்மையே. மூன்றாவது, விலகுவதாயின் வேட்புமனுவுக்கு முன்னரே நிபந்தனைகளை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். அவ்வாறு விலகுவது சரணாகதியாகாது. பேரம் பேசாது விலகுவதும், பலமின்றி உயர்த்துவதும்தான் நட்டம்.

ஊவா மாகாண சபையின் பதவிக்காலம் 2019இல் முடிவுற்றது. அதன் பின்னர் கிடைத்த நீண்ட இடைவெளி, கணக்குப் பார்க்கப் போதிய அவகாசத்தைத் தந்திருக்கிறது. அடுத்த வேட்புமனு நாளன்று தலைவர்கள் கையிலுள்ள சீட்டை மட்டும் பாராது, மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போரையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.