கடையில் இனிக்கும் பிடி

2014 ஜனவரியில் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்றொரு .32 ரிவால்வரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. டெல்லியில் 2012 டிசம்பரில் ஓடும் பேருந்தில் நடந்த கொடூரம் யாருக்கும் மறக்காத நேரம் அது. பெயரும் அதை நினைவூட்டவே வைக்கப்பட்டது. நிர்பீக் என்றால் அஞ்சாதது என்று பொருள். பெண்களுக்கென்றே செய்தது என்றார்கள். டைட்டானியம் கலந்த உலோகம், எடை 500 கிராம், கைப்பையில் அடங்கிவிடும், விலை ஏறக்குறைய 1.22 லட்சம் ரூபாய், கூடவே நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டி. பெண்ணின் பாதுகாப்பை அவள் கைப்பைக்குள் திணித்துவிட்டு அரசு கைகழுவுகிறதா என்று அப்போதே பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பெண் கைக்காகச் செய்த ஆயுதம் என்றால் அந்தக் கை முழுதாகத் தொடும் இடம் பிடி ஒன்றுதான். கிராம் கணக்கும் பெட்டியின் அழகும் பேசப்பட்ட அளவுக்கு அந்தப் பிடி பேசப்படவில்லை.

கைத்துப்பாக்கிப் பிடியை மதிப்பிடுகிறவர்கள் மூன்று கேள்வி கேட்பது வழக்கம். கைக்கு இதமாக இருக்கிறதா, உடைக்குள் மறைகிறதா, குறி தவறாமல் சுட வருகிறதா? மூன்றுக்கும் சம மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்ப்பது விற்கிறவருக்கு வசதி. மூன்றும் சமமில்லை என்பதுதான் என் கட்சி. முதல் இரண்டும் துப்பாக்கி சும்மா கிடக்கும் மணிநேரங்களைப் பற்றியவை. மூன்றாவது மட்டுமே அது வேலை செய்யும் நொடியைப் பற்றியது. அந்த நொடியில் பிடி நழுவினால் தோட்டா நினைத்த இடத்துக்குப் போகாது. அது போகிற இடத்தில் சம்பந்தமே இல்லாத ஒருவர் நின்றுகொண்டிருக்கலாம். ஆகவே சுடும் கைக்குத் தேவையானதை முதலில் கொடுத்துவிட்டு, மிச்சம் இருப்பதில்தான் இதமும் மறைவும் பங்கு கேட்க வேண்டும். சந்தையில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு.

கைத்துப்பாக்கியின் குழல் கைக்கு மேலே இருக்கிறது. தோட்டா முன்னால் பாயும்போது உதை பின்னால் வருகிறது. ஆனால் அது மணிக்கட்டுக்கு நேராக வராமல் அதற்குச் சற்று மேலே வருகிறது. அதனால் துப்பாக்கி பின்னுக்குத் தள்ளுவதோடு நிற்காமல் மூக்கையும் தூக்குகிறது. கை எவ்வளவு உயரத்தில் பிடிக்க முடிகிறதோ அவ்வளவுக்கு அந்தத் தூக்கல் குறையும். அடுத்தது, பிடியின் பின்முதுகிலிருந்து டிரிகர் வரைக்குமான தூரம். அது விரலுக்கு எட்டாத தூரமாக இருந்தால் கையைப் பக்கவாட்டில் திருப்பித்தான் டிரிகரைத் தொட முடியும். அப்போது உதை முன்னங்கை எலும்பின் மேல் விழாமல் கட்டைவிரல் மூட்டில் விழும், குழலும் ஒரு பக்கம் இழுபடும். பிறகு சுற்றளவு, சுண்டுவிரலுக்கு இடம் தரும் நீளம், சாய்வு. சாய்வு சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் 1911 கோல்ட் பிஸ்டலில் பழகிய கை, அதைவிடச் சற்றுச் சாய்ந்த பிடி கொண்ட குளோக் பிஸ்டலைத் தூக்கினால் குழல் வாய் இலக்குக்கு மேலே போய் நிற்கும். கண்ணுக்கு முன்பே கை குறிபார்த்துவிடுகிறது என்பதற்கு இதுவே சாட்சி.

இந்தக் கணக்கில் நிர்பீக்கின் 500 கிராமை வைத்துப் பாருங்கள். .32 மென்மையான தோட்டாதான். உதையால் கை முறிந்துவிடாது. சிக்கல் டிரிகரில் இருக்கிறது. சுத்தியலைக் கையால் இழுக்காமல் டிரிகரை மட்டும் அழுத்திச் சுடும் ரிவால்வர்களில் அந்த ஓர் இழுப்புக்கே நான்கைந்து கிலோ பலம் வேண்டும் என்பது பொதுவான நிலை. அரைக் கிலோப் பொருளை அதன் எடையைப் போல எட்டு, பத்து மடங்கு பலத்தால் ஒற்றை விரல் இழுக்கிறது. மற்ற விரல்கள் அசையவிடாமல் இறுக்கிப் பிடித்தால்தான் குழல் நேராக நிற்கும். எடை குறையக் குறைய அந்த இறுக்கத்தின் பொறுப்பெல்லாம் பிடியின் வடிவத்தின் மேலேயே விழுகிறது. கனம் குறைந்தால் பெண்ணுக்கு எளிது என்ற நினைப்பு, தூக்கிச் செல்வதையும் சுடுவதையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதன் விளைவு.

கையில் எடுத்ததும் கிடைக்கும் இதமும் நம்பத்தக்க சாட்சியில்லை. 1873-ஆம் ஆண்டின் கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி, கௌபாய் படங்களில் எல்லோரும் பார்த்த ரிவால்வர், வளைந்த பிடி கொண்டது. அமெரிக்கர்கள் அதைக் கலப்பைப் பிடி என்பார்கள். நம்மூர்ச் சொல்லில் மேழி. எடுத்தவுடன் கைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். சுட்டதும் அந்த வளைவு உள்ளங்கையில் உருண்டு மேலேறும். குழல் வானத்தைப் பார்க்கும். சுத்தியல் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கையால் இழுத்தாக வேண்டிய துப்பாக்கிக்கு இந்த உருளல் ஓர் உதவி. ஆனால் இலக்குச் சுடுகிறவருக்கு உபத்திரவம். ஒவ்வொரு குண்டுக்கும் பிடியைப் புதிதாகப் பிடிக்க வேண்டும். அதனால்தான் அதே கோல்ட் நிறுவனம் 1894-இல் இங்கிலாந்தின் பிஸ்லி சுடுதளத்தின் பெயரில் வேறொரு பிடியைக் கொண்டுவந்தது. நிமிர்ந்து, பின்புறம் உயர ஏறி, கட்டைவிரல் கவட்டைக்குக் கீழே நழுவாமல் நிற்கும் பிடி. பார்க்க அழகில்லை, மேழியின் ஒய்யாரத்துக்குப் பக்கத்தில் கூன் விழுந்தது போலிருக்கும். ஆனால் உருளாது.

நம் நாட்டோடு நெருங்கிய உதாரணம் ஒன்றும் உண்டு. ஜான் பிரௌனிங் தொடங்கி, 1926-இல் அவர் இறந்த பிறகு பெல்ஜியத்தில் தியூதொனே சைவ் முடித்த ஹை-பவர் பிஸ்டல் 1935-இல் வந்தது. மேகசினில் 13 தோட்டாக்கள் இரட்டை வரிசையில் இருந்தும் பிடி பருத்துப் போகவில்லை. பிடித்துப் பார்த்தவர்கள் இன்றும் அதைப் புகழ்கிறார்கள். மேற்கு வங்கத்தின் ஈஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை அதே வடிவத்தில்தான் நம் படைகளும் காவல் துறையும் பயன்படுத்தும் 9 மி.மீ. 1ஏ பிஸ்டலைச் செய்கிறது. அதைச் சுடும்போது மேல்தகடு பின்னால் பாய்ந்து சுத்தியலைக் கீழே அழுத்துகிறது. சதைப்பற்றான கை, சொல்லிக்கொடுத்தபடி உயரப் பிடித்திருந்தால், சுத்தியலுக்கும் சட்டத்தின் பின்வாலுக்கும் நடுவில் கவட்டைத் தோல் மாட்டிக் கிள்ளுப்படும். சிலருக்கு ரத்தமே வரும். இரண்டு முறை கடிபட்ட கை மூன்றாம் முறை தானாகவே ஒரு விரற்கடை இறங்கிப் பிடிக்கும். குழல் முன்னைவிட அதிகமாகத் துள்ளும். கடைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்துத் தூக்கிப் பார்க்கிறவருக்கு இது தெரியவே வழியில்லை.

மறைத்து வைப்பது பற்றிய பேச்சில் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. குட்டைக் குழல் இருந்தால் மறைந்துவிடும் என்று. இடுப்பில் செருகும் துப்பாக்கியின் குழல் கால்சட்டைக்குள் கீழே போய்விடுகிறது. அது நீளமாக இருந்தாலும் பெரிதாக யாருக்கும் தெரியாது. சட்டைக்கு மேல் துருத்துவது பிடியின் அடிமுனை. குனிந்தால் அதுதான் துணியைக் கூடாரம் போல் தூக்கும். எனவே மறைக்க வேண்டும் என்றால் வெட்ட வேண்டியது பிடியை. 1950-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த ஐந்து குண்டு 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' ரிவால்வரின் சின்ன மரப்பிடி அப்படிப்பட்டது. சட்டைப்பையில்கூடப் போகும். ஆனால் சுண்டுவிரலுக்கு இடமில்லை. டிரிகர் காப்புக்குப் பின்னால் ஒரு வெற்றிடம். ஒவ்வொரு குண்டுக்கும் அந்தக் காப்பு நடுவிரல் முட்டியைத் தட்டும். அந்த வெற்றிடத்தை அடைப்பதற்கென்றே தனியாக உலோகத் துண்டு விற்றார்கள். பெரிய ரப்பர் பிடியை மாட்டினால் முட்டி தப்பும், ஆனால் ரப்பர் சட்டைத் துணியைப் பற்றிக்கொண்டு மேலே இழுத்து, மறைக்க வந்ததையே காட்டிக்கொடுக்கும். வழுவழுப்பான மரம் துணிக்குள் நழுவும், வியர்த்த கையிலிருந்தும் நழுவும். சொரசொரப்பாகக் கட்டம் கீறிய பிடி வியர்வையில் நிற்கும், நாள் முழுக்க இடுப்புத் தோலைச் சுரண்டும். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் குளிரும் போர்வை மாதிரிதான்.

மறைக்க முடியாத துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவார்கள், வீட்டில் கிடக்கும் நல்ல பிடியைவிட இடுப்பில் இருக்கும் மோசமான பிடி மேல் என்பது இதற்கு அமெரிக்காவில் கிடைக்கும் பதில். இதில் உண்மை இருக்கிறது. சுண்டுவிரலை இழந்தாலும் பரவாயில்லை என்று தெரிந்தே தேர்ந்தெடுப்பவரோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அந்த வாதம் மறைத்துத்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு மட்டும் பொருந்தும். உறையில் எல்லோருக்கும் தெரிய அணியும் காவலருக்குப் பொருந்தாது. 2018-இல் வந்த குளோக் 19எக்ஸ் குட்டைக் குழலும் முழுநீளப் பிடியும் கொண்டது. மறைக்க நினைப்பவர் சிரிப்பார். துருத்துவதை வைத்துக்கொண்டு துருத்தாததை வெட்டியிருக்கிறார்கள் என்பார். அமெரிக்கப் படையின் பிஸ்டல் தேர்வுக்குக் கொடுத்த வடிவத்திலிருந்து பிறந்தது அது என்பது தெரிந்தால் சிரிப்பு நின்றுவிடும். மறைக்கத் தேவையில்லாதவருக்கு முழுப் பிடியை வெட்டக் காரணமே இல்லை.

பயிற்சி இருந்தால் எந்தப் பிடியும் வசப்படும், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்வோரும் உண்டு. பழமொழி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உலகிலேயே அதிகம் பயிற்சி செய்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ.; துப்பாக்கி 1500 கிராம் வரை இருக்கலாம், டிரிகருக்குக் குறைந்தது 500 கிராம் இழுப்பு வேண்டும். 2024 பாரீஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கிக் கொடுத்ததில் ஒன்று தனியாகவும், மற்றொன்று சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணியாகவும் இந்தப் போட்டியில்தான். இந்த நிலையில் ஆடுகிறவர்களின் மரப்பிடி ஆளுக்கு ஆள் வேறு. வலக்கைக்குச் செய்ததை இடக்கையால் எடுக்கவே முடியாது. உள்ளங்கையைத் தாங்கக் கீழே ஒரு பலகை, விரல்களுக்குத் தனித்தனிப் பள்ளம், கட்டைவிரலுக்கு ஒரு திண்டு. போதாததற்கு, இடைவெளி உள்ள இடத்தில் புட்டியை அப்பி, உறுத்தும் இடத்தை அரம் போட்டு, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வாரக்கணக்கில் சரிசெய்வார்கள். மணிக்கட்டுக்கு முட்டுக்கொடுக்கக் கூடாது என்று விதி தடுக்கிறது. தடுக்காவிட்டால் அதையும் செய்திருப்பார்கள். தினமும் சுடுகிறவருக்கே கூடம் இவ்வளவு நேராக வேண்டும் என்றால், எப்போதோ ஒரு நாள் சுடுகிறவருக்குக் கோணல் கூடம் போதும் என்பது விசித்திரமான தர்க்கம்.

ஒலிம்பிக் பிடி ஒரே ஆளுக்கு. படைக்கும் காவல் துறைக்கும் ஆயிரக்கணக்கில் ஒரே அச்சு வேண்டும் என்று உடனே சொல்வார்கள். சொல்லலாம், ஆனால் படைகளே நூறு வருடமாக இதற்கு வழி தேடிவருகின்றன. முதல் உலகப் போரில் 1911 பிஸ்டலைச் சிறிய கைக்காரர்கள் பிடிக்கத் திணறியதைப் பார்த்த அமெரிக்க ராணுவம் டிரிகரைக் குட்டையாக்கியது, அதற்குப் பின்னால் சட்டத்தைச் சரித்து வெட்டியது, கை கடிபடாமல் பின்வாலை நீட்டியது, பின்முதுகின் கீழ்ப்பகுதியை மேடாக்கியது. 1926-இல் அதற்கு எம்1911ஏ1 என்று பெயரிட்டது. அந்த மேட்டைப் பிற்காலத்தில் பலர் கழற்றிவிட்டு மறுபடி தட்டையாக்கிக்கொண்டார்கள். விரல் பள்ளங்களின் கதையும் அதுதான். குளோக் மூன்றாம் தலைமுறையில் பள்ளம் வைத்தது, 2017-இல் ஐந்தாம் தலைமுறையில் எடுத்துவிட்டது, அந்தப் பள்ளம் பொருந்தாத விரல்கள் உலகில் நிறைய இருந்ததால். ஒரே வடிவத்தைத் திருத்திக்கொண்டே போவதால் பயனில்லை, மாற்றக்கூடிய வடிவம் வேண்டும் என்ற முடிவுக்கு 1990-களில் வால்தர் பி99 வந்தது. பின்முதுகுத் துண்டைக் கழற்றிச் சின்னதோ பெரியதோ மாட்டிக்கொள்ளலாம். 1985-இல் அமெரிக்க ராணுவம் எடுத்த பெரெட்டா எம்9 பருத்த பிடி என்று முணுமுணுப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. 2017-இல் அதன் இடத்துக்கு வந்த எம்17-க்கு மூன்று அளவுகளில் பிடி உண்டு. ஒரு பிளாஸ்டிக் துண்டு. துப்பாக்கியின் மொத்த விலையில் அது எம்மாத்திரம்?

ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாத நாட்டில், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்று இறுக்கியிருக்கும் நாட்டில், பிடியைப் பற்றி நாளிதழில் எதற்குப் பேச்சு என்று கேட்கலாம். தனியார் கையில் துப்பாக்கி பெருக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் வரிப்பணத்தில் வாங்கி, நம் தெருவில் நம்மைச் சுற்றி நிற்பவர்களின் இடுப்பில் இருப்பவை உண்டு. 1992-இலேயே தன் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் திறந்த மாநிலம் தமிழ்நாடு. பெண்களின் கை சராசரியில் ஆண்களின் கையைவிடச் சிறியது, விரல் குட்டை, பிடிபலமும் குறைவு. சிறிய கை கொண்ட ஆண் காவலர்களும் ஏராளம். வாங்கும்போது தோட்டா அளவையும் எடையையும் விலையையும் கேட்கும் அதிகாரி, பின்முதுகிலிருந்து டிரிகருக்கு எத்தனை மி.மீ., எத்தனை அளவுகளில் பிடி வரும் என்று இரண்டு வரி கூடுதலாகக் கேட்டால் போதும்.

சோதித்துப் பார்ப்பதும் பெரிய வித்தையில்லை. தோட்டா இல்லை என்று இரண்டு முறை உறுதிசெய்துகொண்டு, பாதுகாப்பான பக்கம் நீட்டி, துப்பாக்கியை அதைச் சுடப்போகிறவர் கையில் கொடுக்க வேண்டும். ஆள்காட்டி விரலின் நுனிச் சதை டிரிகரின் நடுவில் உட்கார்ந்த நிலையில், மேலிருந்து பார்த்தால் குழலும் முன்னங்கை எலும்பும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா, சுண்டுவிரல் தொங்குகிறதா, கவட்டை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது? அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தைக் காவலர் ஒவ்வொருவரின் கைக்கும் செலவழித்த பிறகு கொள்முதல் பட்டியலை எழுதட்டும்.