பப்பாளிக்குத் தடை... பீடிக்கு அனுமதியா?

ஒரு பெண் கருவுற்றதும் வீட்டில் தடைகளின் பட்டியல் ஆரம்பமாகிவிடும். பப்பாளி கூடாது, அன்னாசி கூடாது, கிரகண நேரத்தில் வெளியே வரக் கூடாது! ஆனால் அதே வீட்டுத் திண்ணையில் பீடியும் சிகரெட்டும் பிடிக்கும் கணவரிடமோ மாமனாரிடமோ "அதை அணைத்துவிடுங்கள்" என்று சொல்பவர்கள் எத்தனை பேர்?

"நம் பெண்கள்தான் புகைப்பதில்லையே!" என்று பலர் சமாதானம் சொல்வார்கள். உண்மைதான். 2016-17ல் நடந்த புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயது வந்த பெண்களில் புகைப்பவர்கள் 2 சதவீதம் மட்டுமே. ஆனால் மெல்லும் வகைப் புகையிலையைப் பயன்படுத்தும் பெண்கள் 12.8 சதவீதம். பெரியவர்களில் 38.7 சதவீதம் பேர் வீட்டிலேயே அடுத்தவர் விடும் புகையைச் சுவாசிக்கிறார்கள்!

புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதோடு, நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையையும் அடைகிறது. மூச்சுக்காற்றும் உணவும் குறைந்தால் குழந்தை எப்படி வளரும்? புகைக்கும் தாயின் குழந்தை சராசரியாக சுமார் 200 கிராம் எடை குறைவாகப் பிறக்கிறது. குறைப்பிரசவம், வயிற்றிலேயே குழந்தை இறப்பது போன்ற ஆபத்துகளும் அதிகம். அடுத்தவர் புகையாலும் எடை குறையும். அளவுதான் கொஞ்சம் குறைவு. வெற்றிலையோடு போடும் புகையிலையிலும் அதே நிக்கோட்டின்தான்.

பிரசவத்தோடு இது முடிந்துவிடுவதில்லை. தாய் புகைத்தாலும் மென்றாலும் நிக்கோட்டின் தாய்ப்பாலில் கலக்கிறது. பால் சுரப்பும் குறையலாம். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, புகையிலையைத்தான் நிறுத்த வேண்டும் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. புகை சூழ்ந்த வீட்டில் கைக்குழந்தைக்கு நெஞ்சுச் சளித் தொல்லையும், தூக்கத்திலேயே திடீரென இறந்துபோகும் அபாயமும் அதிகம்.

பொது இடங்களில் புகைக்க 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். ஆனால் வீட்டுக்குள் எந்தச் சட்டமும் வராது. அங்கே மனசாட்சிதான் போலீஸ்!

வளைகாப்புக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்யும் கணவர், அதற்கு முன்பே பீடிக்கட்டைத் தூக்கி எறியட்டும். விட முடியாமல் தவிப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச உதவி எண் இருக்கிறது. பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு தகப்பன் தரும் முதல் சீர், சுத்தமான காற்றாக இருக்கட்டுமே!