தோழியின் வெற்றி என் நட்டமா?

பறக்கும் தட்டு ஒன்றைக் கையால் சுழற்றி வீசி, ஒருவருக்கொருவர் கைமாற்றி, எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் நிற்கும் தம் அணியினர் ஒருவர் அதைப் பிடித்தால் ஒரு புள்ளி. இதுதான் அல்டிமேட் பிரிஸ்பி. ஓர் அணிக்கு ஏழு பேர். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. நின்ற இடத்திலிருந்தே வீச வேண்டும். வலைப்பந்தாட்டம் விளையாடிய நமக்கு இந்த விதி புதிதல்ல. 1968இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் பாடசாலை மாணவர் சிலர் தொடங்கிய ஆட்டம் இது. 1972 நவம்பர் 6ஆம் திகதி ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்கள் முதன்முதலாக மோதின. ரட்கர்ஸ் 29க்கு 27 என்ற கணக்கில் வென்றது. 1984இல் கல்லூரிகளுக்கான தேசிய சம்பியன்ஷிப் ஆரம்பமானது. மகளிருக்கான போட்டி 1987இல் வந்து சேர்ந்தது.

ஆட்டத்தைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது, அந்தத் தேசியப் போட்டிக்கு அணிகள் தெரிவாகும் முறைதான். உயர்தரப் பரீட்சையை எதிர்நோக்கியிருக்கும் நமக்கும், நம்மைவிட அதிகமாக அதை எண்ணிக் கவலைப்படும் நம் பெற்றோருக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது என்பது என் கருத்து.

கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் எனப் படிப்படியாக ஏறுவது நம் பாடசாலை விளையாட்டில் பழகிய முறை. அங்கும் படிகள் உண்டு. முதலில் 'கொன்பரன்ஸ்' எனப்படும் சிறு வட்டாரப் போட்டி; அதில் தேறியவர்களுக்குப் பிராந்தியப் போட்டி; அதன் பின் மே மாத இறுதியில் தேசியப் போட்டி. முதற்தரப் பிரிவில் நாடு பத்துப் பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தேசியப் போட்டியில் மகளிர் அணிகளுக்கு 20 இடங்கள். ஆடவர் பிரிவிலும் அவ்வாறே.

இந்த 20 இடங்களையும் எப்படிப் பங்கிடுவது? பலமான பிராந்தியமோ பலவீனமான பிராந்தியமோ, ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் நிச்சயம். அத்துடன் பத்து இடங்கள் முடிந்துவிடும். மீதிப் பத்தும் திறமைக்கு உரியவை. ஆண்டின் தொடக்கத்திலிருந்து நடைபெறும் சுற்றுப்போட்டிகளில் ஓர் அணி யாரை வென்றது, எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வென்றது அல்லது தோற்றது என்பதையெல்லாம் கணக்கிட்டு ஒரு தரவரிசை தயாரிக்கிறார்கள். பலமான அணியிடம் இரண்டு புள்ளிகளால் தோற்பதும் மதிப்புள்ளதுதான். பின்னர் நடந்த ஆட்டங்களுக்கு முன்னர் நடந்தவற்றைவிட நிறை அதிகம். குறைந்தது பத்து ஆட்டங்களாவது ஆடாத அணி இந்தக் கணக்கில் இடம்பெறாது. ஒவ்வொரு பிராந்தியத்திலும் முதலிடத்தில் உள்ள அணியை ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றுள் முன்னணியில் நிற்கும் பத்து அணிகளும் ஆளுக்கோர் இடத்தைச் சம்பாதிக்கின்றன.

இங்கேதான் நான் வியந்து நின்றேன். அந்த அணி சம்பாதித்த இடம் அந்த அணிக்குச் சொந்தமல்ல. அது அதன் பிராந்தியத்துக்குப் போய்ச் சேர்கிறது. ஒரு பிராந்தியத்தில் இரண்டு அணிகள் மிகச் சிறப்பாக ஆடியதால் அங்கு மூன்று இடங்கள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். பிராந்தியப் போட்டியில் முதல் மூன்று இடங்களைப் பிடிப்பவர்களே தேசியப் போட்டிக்குப் போவார்கள். இடத்தைச் சம்பாதித்துக் கொடுத்த அணி அன்றைக்குத் தோற்றால் வீட்டில்தான் இருக்க வேண்டும். தரவரிசையில் எங்கோ பின்னால் கிடந்த அணி அன்று வென்றால் அது போகலாம்.

இது அநியாயம் இல்லையா? மாதக்கணக்காக உழைத்தவர்கள், காற்று பலமாக வீசிய ஒரே நாளில் எல்லாவற்றையும் இழப்பதா? இந்தக் கேள்வியை இலேசாகத் தள்ளிவிட முடியாது. அவர்களின் கண்ணீர் உண்மையானது. ஆனாலும் இந்த முறையே நியாயமானது என்று நான் நினைக்கிறேன். தரவரிசை என்பது பெரும்பாலும் ஒருவரையொருவர் சந்திக்காத அணிகளை எண்களால் ஒப்பிடும் மதிப்பீடு. மேலும், அமெரிக்கக் கல்லூரிகளிலும் இந்த ஆட்டம் பெரும்பாலும் மாணவர் கழகங்களாகவே நடத்தப்படுகிறது. பயணச் செலவில் பெரும்பங்கு விளையாடுபவர்களின் கைப்பணம். தூர இடங்களுக்குப் போய்ப் பலமான அணிகளுடன் மோத வசதியுள்ளவர்களுக்குத் தரவரிசையில் உயர வாய்ப்பு அதிகம். வசதியில்லாத அணிக்கும் கதவு திறந்திருக்க வேண்டுமானால், கடைசி முடிவு மைதானத்தில்தான் எடுக்கப்பட வேண்டும். எத்தனை கதிரைகள் என்பதை எண்கள் சொல்லட்டும். யார் அமர்வது என்பதை ஆட்டம் சொல்லட்டும்.

இந்த முறையின் இன்னொரு விளைவைக் கவனியுங்கள். ஒரே பிராந்தியத்து அணிகள் ஒன்றுக்கொன்று போட்டியாளர்கள். ஆனாலும் பக்கத்து அணி வெளியூரில் வென்றால் தன் பிராந்தியத்துக்கு ஓரிடம் கூடும். அப்போது எதிரியின் வெற்றிக்காகத் துஆ செய்வதும் தன் நலன்தான்!

இப்போது நம் வகுப்பறைக்கு வருவோம். நம் நாட்டின் பல்கலைக்கழக அனுமதியிலும் இதே இரண்டு எண்ணங்கள் கலந்திருக்கின்றன. பெரும்பாலான துறைகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதமானவை சனத்தொகைக்கு ஏற்ப மாவட்ட ரீதியாகவும், 5 வீதமானவை கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. எல்லாப் பிரதேசத்துக்கும் ஒரு பங்கு, திறமைக்கு ஒரு பங்கு. ஒப்பீடு முழுமையானதல்ல, நமக்கு இசட் புள்ளியே இறுதி முடிவு. ஆனால் ஒரு விடயத்தை நாம் மறந்துவிடுகிறோம். நம் மாவட்டத்தில் மிக உயர்ந்த புள்ளி பெறும் தோழி திறமை ஒதுக்கீட்டில் தெரிவானால், மாவட்ட ஒதுக்கீட்டில் அவளுக்குரிய இடம் இன்னொருத்திக்கு மிஞ்சுகிறது. அவள் ஏறிய ஏணி நமக்கும் ஒரு படியை விட்டுச் செல்கிறது.

இதை உணர்ந்தவர்களாகவா நாம் நடக்கிறோம்? ரியூஷன் வகுப்பில் கிடைத்த குறிப்பைப் புத்தகப் பைக்குள் மறைக்கிறோம். கடந்தகால வினாத்தாளுக்கு விடை தெரிந்தும் "எனக்கும் விளங்கவில்லை" என்கிறோம். தவணைப் பெறுபேற்றுடன் வீட்டுக்குப் போனால், "உனக்கு எத்தனை?" என்பதற்கு அடுத்த கேள்வி "அவளுக்கு எத்தனை?" என்பதாக இருக்கிறது. பெற்றோரே, அந்த இரண்டாவது கேள்வி உங்களுக்குச் சிறியது. அதைச் சுமந்துகொண்டு மறுநாள் அதே தோழியின் அருகில் உட்காருவது எங்களுக்குச் சிறியதல்ல.

இறுதியாக ஒன்று. அல்டிமேட் ஆட்டத்தில் தவறுகளை அறிவிப்பவர் நடுவர் அல்லர், ஆடுபவர்களே. முக்கியமான போட்டிகளில் அவதானிப்பாளர்கள் இருப்பார்கள். ஆனால் "தவறு நடந்தது" என்று முதலில் சொல்ல வேண்டியதும், "ஆம், என் பிழைதான்" என்று ஏற்க வேண்டியதும் வீராங்கனைகளே. தேசியப் போட்டிக்குப் போவதா, வீட்டுக்குத் திரும்புவதா என்று தீர்மானிக்கும் ஆட்டத்திலும் இதே விதிதான். இதை 'ஆட்டத்தின் ஆன்மா' என்று அவர்கள் சொல்கிறார்கள். நமக்கு இதற்கு வேறொரு சொல் சிறு வயதிலிருந்தே தெரியும்: அமானிதம். எவரும் பார்க்காவிட்டாலும் அல்லாஹ் பார்க்கிறான் என்று குர்ஆன் மத்ரஸாவில் படித்த நமக்கு, மேற்பார்வையாளர் மறுபக்கம் திரும்பும் பரீட்சை மண்டபமும் ஒரு மைதானம்தான்.

தேடிய அறிவும் ஓர் அமானிதமே. அந்த அணிகள் சம்பாதித்த இடம் பிராந்தியத்துக்குச் சேர்வதுபோல, நாம் கற்றதில் ஒரு பங்கு வகுப்புக்குச் சேரட்டும். தோழியரே, நாளை பாடசாலைக்கு வரும்போது மறைத்து வைத்த அந்தக் குறிப்பை மேசைமேல் எடுத்து வையுங்கள். நானும் என்னுடையதைக் கொண்டு வருகிறேன்.