எண்டர் தட்டியே பக்கம் நிரப்பலாமா?

கம்ப்யூட்டரைப் பத்தி ஸ்கெட்ச் பேனாவால் எழுதுறானேன்னு சிரிக்காதீங்க. சுவர் இதழ் கையால் எழுதினால்தான் அழகு. நான் சொல்ல வந்தது லேபில் நாம் அடிக்கிற கூத்தைப் பற்றி. அதில் முதல் கூத்தாடி நானேதான்.

போன வருஷம் ஆண்டு மலரை டைப் பண்ணும் வேலை எனக்குக் கிடைத்தது. எனக்கு ஒரே பெருமை. 84 பக்கம். தலைப்பு நடுவில் வரணுமா, ஸ்பேஸ் பாரை இருபது தடவை தட்டு. அடுத்த கட்டுரை புதுப் பக்கத்தில் தொடங்கணுமா, கர்சர் அடுத்த பக்கத்துக்குப் போகிற வரைக்கும் எண்டரைத் தட்டு. பொருளடக்கத்தில் புள்ளி புள்ளியாக வைத்து, பக்க எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்து நானே அடித்தேன். லேப் கம்ப்யூட்டரில் பார்க்க அச்சுப் புத்தகம் மாதிரியே இருந்தது.

பென் டிரைவை எடுத்துக்கொண்டு டி.டி.பி. சென்டருக்குப் போனேன். அங்கே உள்ள அக்கா ஃபைலைத் திறந்ததும் 84 பக்கம் 91 ஆகிவிட்டது! எங்க லேபில் இருந்த எழுத்துரு அவங்க கம்ப்யூட்டரில் இல்லை. அதற்குப் பதில் வேறொரு எழுத்துரு வந்து உட்கார்ந்துகொண்டது. அதில் வரிக்கு வரி உயரம் கொஞ்சம் அதிகம். நான் தட்டி வைத்த நூற்றுக்கணக்கான எண்டர்களும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிவிட்டன. மறுநாள் காலையில் அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். அக்கா ராத்திரி பதினொரு மணிக்கு மேலும் உட்கார்ந்து, அந்த எண்டர்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே இருந்தாங்க. "தம்பி, நீ டைப்பே பண்ணாம நோட்டில் எழுதிக் கொடுத்திருந்தா எனக்கு இதைவிடச் சீக்கிரம் முடிஞ்சிருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் சுருக்கென்றது.

அப்படியும் ஒன்று தப்பிவிட்டது. ஏழாம் வகுப்புத் தம்பி ஒருவனின் கவிதை பக்கம் முழுவதையும் அடைத்திருந்தது. கடைசி வரியில் அவன் பெயர். அந்த ஒரு வரி மட்டும் அடுத்த பக்கத்தின் உச்சிக்குப் போய், அங்கிருந்த கட்டுரையின் தலைக்கு மேல் உட்கார்ந்துவிட்டது. கவிதைக்குப் பெயர் இல்லை, வேறொரு மாணவியின் கட்டுரைக்கு ரெண்டு பெயர். மலர் கொடுத்த அன்று அவன் என்னைத் தேடி வந்து, "அண்ணா, இது நான் எழுதினதுன்னு வீட்ல நம்ப மாட்டேங்கறாங்க" என்றான். அவனுக்கு என்ன பதில் சொல்றது? அவன் பக்கத்தில் பேனாவால் பெயரை எழுதிக் கொடுத்தேன். ஒரு பிரதியில் எழுதலாம், எல்லாப் பிரதியிலும் எழுத முடியுமா?

அந்த அக்காதான் அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. கண்ட்ரோலும் எண்டரும் சேர்த்து ஒரே தடவை தட்டினால் புதுப் பக்கம். அதுக்கு மேலே என்ன ஏறினாலும் இறங்கினாலும் அடுத்த கட்டுரை புதுப் பக்கத்தில்தான் தொடங்கும். ரைட்டரில் கண்ட்ரோலும் எஃப் 10-ம் தட்டினால் எங்கே ஸ்பேஸ், எங்கே எண்டர் என்று எல்லாம் குறியாகத் தெரியும். என் ஃபைலில் அதைத் தட்டிக் காட்டினாங்க. மழைக்குப் பிறகு ஈசல் மொய்த்த மாதிரி இருந்தது.

முக்கியமானது ஸ்டைல். இந்தச் சுவர் இதழையே பாருங்க. தலைப்பு சிவப்பு, உள்தலைப்பு பச்சை என்று முதலிலேயே முடிவு பண்ணித்தானே எழுதுகிறோம்? அதேதான். தலைப்பை "ஹெடிங் 1" என்று குறித்துவிட்டால் அது எந்த எழுத்து, என்ன அளவு, நடுவிலா ஓரத்திலா என்பதை ஒரே இடத்தில் சொல்லிவிடலாம். நாளைக்கு எச்.எம். வந்து "சிவப்பு வேண்டாம், நீலம் போடு" என்றால் இங்கே நாம் சார்ட்டைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதணும். அங்கே ஒரு இடத்தில் மாற்றினால் எல்லாத் தலைப்பும் மாறிவிடும். பொருளடக்கமும் அந்தத் தலைப்புகளை வைத்துத் தானே உருவாகும். பக்கம் மாறினால் ஒரு தடவை புதுப்பித்தால் போதும், எண்கள் சரியாகிவிடும்.

எழுத்துரு பற்றியும் ஒரு வார்த்தை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் "தமிழ்" என்ற சொல், ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று நிற்கும். யூனிகோடில் தமிழ் எழுத்துக்கென்றே தனி எண் உண்டு. எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாது. 2010-லேயே நம் தமிழக அரசு யூனிகோடை அங்கீகரித்துவிட்டது. ஆனாலும் ஆண்டு மலருக்கு எங்களிடம் வந்த பழைய ஃபைல்களில் பாதி பாமினிதான்.

இனி என் குறைக்கு வருகிறேன். ஆசிரியர்கள் மன்னிக்கணும். லேபில் நாம் எதற்குக் கைதட்டு வாங்குகிறோம்? பூப்போட்ட பார்டருக்கும் வளைந்து நெளிந்த கலர் எழுத்துக்கும்தான். பிரிண்ட் எடுத்துக் காட்டினால் முடிந்தது. பேப்பரில் பார்த்தால் ஸ்பேஸ் தட்டினவனும் ஒன்றுதான், ஸ்டைல் போட்டவனும் ஒன்றுதான். அதனால் எவனும் சரியான வழியைத் தேடுவதில்லை. ஒரு கம்ப்யூட்டருக்கு மூணு பேர், 40 நிமிஷம், இதில் எதைக் கற்றுக்கொடுக்க என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் இருபது தடவை ஸ்பேஸ் தட்டுகிறவனுக்குப் பின்னால்தானே மற்ற ரெண்டு பேரும் காத்துக்கொண்டு நிற்கிறார்கள்!

ஒரு பக்க லீவு லெட்டருக்கு இதெல்லாம் வேண்டாம். அதை நோட்டுப் பேப்பரில் எழுதினாலே போதும். ஆனால் பத்துப் பக்கத்துக்கு மேல் போகிற எதற்கும் வேண்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். பிராக்டிகலில் நாங்கள் முடித்தவுடன் பிரிண்ட் எடுக்கச் சொல்லாதீங்க. மேடம் வந்து எழுத்தளவை 12-லிருந்து 14-ஆக மாற்றட்டும். தலைப்புகள் நடுவிலேயே நிற்கிறதா, பெயர்கள் அவரவர் எழுதியதோடேயே இருக்கிறதா என்று பார்த்து மார்க் போடட்டும். முதல் தடவை என்னுடையதையே மாற்றிப் பார்க்கலாம், நான் ரெடி.

இந்த வருஷ மலருக்கும் நான்தான் டைப் பண்ணுகிறேன். அந்தத் தம்பி இப்போது எட்டாம் வகுப்பு. புதுக் கவிதை ஒன்று கொடுத்திருக்கிறான். இந்தத் தடவை பெயரை மேலேயே எழுதிக் கொடுத்திருக்கிறான்.