இலுப்பைப்பூவுக்கு ஒரு வக்காலத்து

இலக்கியக் கூட்டங்களில் ஒரு சுமாரான கவிஞரை மட்டம் தட்ட நினைப்பவர் தவறாமல் எடுத்து வீசும் கல் ஒன்று உண்டு: ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. கூட்டம் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பூவை வாயில் போட்டுப் பார்த்திருப்போம்?

எனக்கென்னவோ இது கரும்பு ஆலைக்காரன் கட்டிவிட்ட பழமொழியாகத்தான் தோன்றுகிறது. கரும்புக்கு மாசக்கணக்கில் தண்ணி பாய்ச்சணும், வெட்ட ஆள் வேணும், காய்ச்ச விறகு வேணும். இலுப்பைக்கு என்ன வேணும்? மாசி, பங்குனியில் ராத்திரியெல்லாம் வௌவாலுக்கு விருந்து வைத்துவிட்டு, விடியும்போது சதைப்பற்றான வெளிர்மஞ்சள் பூக்களைத் தானே தரையில் கொட்டிவிடும். பறிக்கக்கூட வேண்டாம். மண்ணைத் தட்டி, அலசிக் காயவைத்தால், எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. வாடை கொஞ்சம் தூக்கல்தான், அதை மறைக்கவில்லை. நம் ஆட்கள் இதை வறுத்துத் தின்றார்கள். விதையை ஆட்டிய எண்ணெயில் கோயில் விளக்கு எரிந்தது. எண்ணெய் போன பிண்ணாக்கைத் தேய்த்துத் தலை முழுகினார்கள். இலுப்பூர், இலுப்பைப்பட்டு என்று ஊருக்கே பேர் வைத்தவர்கள், இதை இல்லாதப்பட்டவன் சர்க்கரை என்று நினைத்தா வைத்திருப்பார்கள்?

மத்திய இந்தியாவில் இதன் நெருங்கிய வகைக்கு மஹுவா என்று பெயர். கோண்டு மக்களுக்கு அது பஞ்சத்தில் சோறு, திருவிழாவில் சாராயம். வெள்ளைக்காரனுக்கு இந்தப் பூவின் மதிப்பு நன்றாகவே தெரிந்திருந்தது. 1892இல் பம்பாய் மாகாணத்தில் மௌரா சட்டம் என்று ஒன்றைப் போட்டு, பூவைச் சேகரிப்பதற்கே கட்டுப்பாடு கொண்டுவந்தான். சாராய வருமானம் கைவிட்டுப் போகுமே என்ற கவலை. உதிர்ந்த பூவைப் பொறுக்க ஒரு சட்டம்! அவன் அதைக் கண்டு பயந்தான். நாம் பழமொழி சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

சிரிப்பால் என்ன கெட்டுப்போச்சு என்று கேட்கலாம். மட்டமானது என்று வாய் சொல்லிப் பழகியதை வெட்டும்போது கை கூசாது. எங்கள் ஊர்க் கோயில் தோப்பில் ஒன்பது இலுப்பை நின்றது. வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று ஏழை வெட்டினார்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை, நான் உட்பட. மிச்சமிருக்கும் ரெண்டின் அடியிலும் சிமெண்ட் பூசியாச்சு.

போன பங்குனியில் விடிகாலை போயிருந்தேன். ஒரு அம்மா பூவையெல்லாம் கூட்டிக் குப்பைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். ஏம்மா என்றேன்.

“வழுக்குதுங்க சார். வர்றவங்க விழுந்திடுறாங்க.”

கூடையிலிருந்து ஒரு கை அள்ளிக்கொண்டேன். தின்னவா என்று கேட்டார். ஆமா என்றதும் சிரித்துவிட்டார்.