எந்தத் தேதியில் ஒழிந்தது?

அடிமை முறை ஒழிந்துவிட்டது என்கிறார்கள். எந்தத் தேதியில் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். வரலாறு படித்தவர் 1843 என்பார். வக்கீல் 23-ஆவது உறுப்பைக் காட்டி 1950 ஜனவரி 26 என்பார். தொழிலாளர் துறையில் கேட்டால் 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தை எடுத்து நீட்டுவார்கள். கல்வராயன் மலைக்கோ தனியாக ஒரு நாள் உண்டு: 1976 ஜூன் 25. இத்தனை தடவை ஒன்றை ஒழித்திருக்கிறார்கள் என்றால், முந்தைய தடவைகளில் அது ஒழியவில்லை என்றுதானே அர்த்தம்? கடைசித் தடவை மட்டும் ஒழிந்தது என்று எங்களை எதை வைத்து நம்பச் சொல்கிறீர்கள்?

1833-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை முறையை ஒழித்தபோது, கம்பெனி ஆண்ட இந்தியாவை அந்தச் சட்டத்திலிருந்து விலக்கி வைத்தது. ஒழித்த இடத்திலும் 2 கோடி பவுண்டு இழப்பீடு போனது எஜமானர்களுக்கு. அடிமையாக இருந்தவருக்குக் காலணா இல்லை. பத்து வருஷம் கழித்து இங்கே வந்த 1843-ஆம் ஆண்டுச் சட்டம் நான்கே பிரிவுகள் கொண்டது. வரி பாக்கிக்காக ஆளை அதிகாரி விற்கக் கூடாது. அடிமை என் சொத்து என்று வந்தால் கோர்ட் கேட்காது. அடிமை என்பதைச் சொல்லி ஒருவர் சொத்தைப் பிடுங்கக் கூடாது. மற்றவருக்குச் செய்தால் குற்றமாவது அடிமைக்குச் செய்தாலும் குற்றம். அவ்வளவுதான். நீ இன்றிலிருந்து சுதந்திர மனிதன், இந்தா உனக்கு அரைக்காணி நிலம் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை.

ஆகவே ஆண்டையின் பிடி தளரவில்லை, காகிதம்தான் மாறியது. அடிமைச் சீட்டு கடன் பத்திரமாயிற்று, அடிமை படியாளாகவும் பண்ணையாளாகவும் ஆனார். ஏறத்தாழ ஐம்பது வருஷம் கழித்து, செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் எழுதிய அறிக்கை விவரிப்பது அந்த நிலையைத்தான். கையில் நிலம் இல்லாதவனுக்கு விடுதலை வெறும் சொல் என்பது அவருக்குப் புரிந்தது. 1892-ல் பஞ்சமி நிலத்துக்கான ஆணை பிறந்தது அப்படித்தான். அந்த நிலங்கள் இன்று யார் யார் கையில் இருக்கின்றன என்பது தனிக் கதை, வயிற்றெரிச்சல் கதை.

இனி மலைக்கு வருவோம். கல்வராயன் மலையை மூன்று ஜாகீர்களாகப் பிரித்து ஆண்டார்கள்: சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன். ஜாகீர்தார்களும் மலையாளிப் பழங்குடியினரே. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சுரண்டுபவன் எப்போதும் வெளியூரிலிருந்துதான் வருவான் என்கிற வசதியான நம்பிக்கை நம்மிடம் நிறைய உண்டு. வரி அவர்களுக்கு, கூலியில்லா வேலையும் அவர்களுக்கு. கீழே சமவெளியில் 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது, 1963-ல் இனாம் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஐந்து பொதுத் தேர்தல்கள் முடிந்தன. மலை அரசின் கைக்கு வந்தது 1976 ஜூன் 25-ல்தான்.

அந்தத் தேதியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இந்திரா காந்தி அரசு அவசரநிலையை அறிவித்து அன்றோடு சரியாக ஒரு வருஷம். தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி. நாடு முழுக்க அடிப்படை உரிமைகள் முடக்கப்பட்டிருந்த நேரத்தில், இந்த மலை மக்களைக் குடிமக்களாக்கினார்கள்! கூலியில்லா வேலையிலிருந்து விடுபட்டது சின்ன விஷயமல்ல, அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஜாகீர்தார் போன இடத்தில் வனத்துறை வந்து உட்கார்ந்தது. உழுத நிலத்துக்கு உரிமை கேட்டவருக்கு 2006-ல் வன உரிமைச் சட்டம் கிடைத்தது. தமிழ்நாட்டில் அதன்படி பட்டா கொடுக்க 2008-ல் உயர் நீதிமன்றம் போட்ட முட்டுக்கட்டை, உச்ச நீதிமன்றத்தால் 2016-ல்தான் நீங்கியது. எட்டு வருஷம்.

நிலம் இல்லை, மழை பொய்த்தால் வேலை இல்லை, ஆஸ்பத்திரிக்கு மலையிறங்க வேண்டும். அப்போது வருகிறவர் மேஸ்திரி. கையில் அட்வான்ஸ். கரும்பு வெட்டு, செங்கல் சூளை, மரம் வெட்டு, எஸ்டேட் வேலை என்று புருஷன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வண்டியேற்றுகிறார். மலையில் பழங்குடி, கீழே சேரி. மேஸ்திரி இரண்டு இடத்துக்கும் போகிறார், ஊர்த்தெருவுக்கு அந்த அட்வான்ஸோடு அவர் ஏன் போவதில்லை என்று யோசியுங்கள். 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரும் திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் மாவட்டங்களின் கூலிகள்தாம். செம்மர முதலாளி எவனும் அந்தக் காட்டில் சாகவில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு கொத்தடிமைக் கடனை ரத்து செய்கிறது. 15-ஆவது பிரிவின்படி, அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று 1982-ல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் மனு எடுத்துக்கொண்டு நாங்கள் போனால் எதிர்கொள்ளும் கேள்வி என்ன தெரியுமா? “சங்கிலி போட்டுக் கட்டியா வைத்திருந்தார்கள்? போன் இருந்ததாமே? சந்தைக்குப் போனார்களாமே?” கடைசியில் ‘அட்வான்ஸ் தகராறு’ என்று எழுதி, இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி அனுப்பிவிடுவார்கள். ‘கொத்தடிமை’ என்கிற ஒரு வார்த்தையை எழுத மட்டும் பேனா நகராது. அந்த வார்த்தை எழுதப்பட்டால்தான் விடுவிப்புச் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் மறுவாழ்வு நிதி. எழுதாவிட்டால் கணக்கில் ஆள் இல்லை. ஆள் இல்லாததால் மாவட்டத்தில் கொத்தடிமை இல்லை. எவ்வளவு சுலபமான ஒழிப்பு!

1990-களில் உச்ச நீதிமன்றத்துக்காகத் தமிழ்நாட்டை ஆராய்ந்த குழு பத்து லட்சத்துக்கு மேல் கொத்தடிமைகள் உண்டு என்றது. 2016-ல் ஒன்றிய அரசே 2030-க்குள் 1.84 கோடிப் பேரை விடுவிப்போம் என்று இலக்குச் சொன்னது. அதே வருஷத்து மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், கொடுமை மிகுந்தவற்றில் 3 லட்சம் என்று அறிவித்துவிட்டு, முழுத் தொகையை வழக்கின் முடிவோடு முடிச்சுப் போட்டார்கள். சூளைக்காரருக்குத் தண்டனை கிடைக்கும்வரை சூளையில் வெந்தவர் காத்திருக்க வேண்டும். அந்தச் சூளைக்காரருக்கு 16-ஆவது பிரிவு விதிக்கும் அபராதத்தின் உச்சவரம்பு 2,000 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு அவர் கொடுக்கும் அட்வான்ஸில் ஒரு சிறு துண்டு.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 65 பேருக்கு மேல் கொன்ற பிறகுதான் இந்த மலையின் பெயர் சென்னைக்குக் கேட்டது. உயர் நீதிமன்றம் மலை மக்களின் வாழ்நிலை பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. நல்லது. ஆனால் அதற்குள் பலர் வாயில் ‘சாராய மலை’ என்றே பேர் ஆகிவிட்டது. ரோடு போடுங்கள், பஸ் விடுங்கள், நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ரோடு போட்டால் மேஸ்திரியின் வண்டியும் அதே ரோட்டில்தான் ஏறும்.

எங்கள் கேள்வி மாவட்ட நிர்வாகத்துக்கு. 13-ஆவது பிரிவு சொல்லும் கண்காணிப்புக் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர்கள் மூவர் இருக்க வேண்டும். அந்த மூவர் யார், குழு எத்தனை தடவை கூடியது, வெள்ளிமலையில் ஒரு தடவையாவது கூடியதா? ஊர் ஊராகப் போய், யார் யார் எந்த மேஸ்திரியிடம் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கி எங்கே போனார்கள் என்று ஒரு பேரேடு எழுதுங்கள். பொங்கலுக்கு வந்து திரும்பப் போகாதவர் வீட்டு வாசலில் எந்த வண்டி நிற்கிறது என்று பாருங்கள். உழுகிற நிலத்துக்கு வன உரிமைப் பட்டா கொடுங்கள். இதில் எதற்கும் ஐந்தாவதாக ஒரு தேதி தேவையில்லை; 2,000 ரூபாய் அபராதத்தைத் திருத்த மட்டும்தான் டெல்லிக்குப் போக வேண்டும்.